ஒன்பதாவது வரி

பாந்த்ரா கலெக்டர் ஆபீஸ் வாசலில்
குடைக்கடியில் டைப் அடிக்கும் பாகவத்துக்குத் தமிழ் தெரியாது.
எனக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது.
நடுவில் கிடக்கிறது
அரைவேக்காட்டு இந்தி.

யார் மேல் புகார்?
பதிவு பெற்ற சமூகப் பணியாளர் மேல்.
பெயர்?
மிருண்மயி கர்ணிக்.
பதிவு எண்?
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
இல்லத்து கேட்டில் அவள் அட்டை மாட்டிக்கொண்டபோது
எடுத்துவிட்டவள் நான்தான்.
அன்றைக்கே எழுதிக்கொண்டு,
அழிய அழிய மேலே எழுதிவந்தேன்.

அறிக்கை நாலு பக்கம்.
இறந்துபோன தங்கை மகள் நஸ்ரினை
என்னிடம் தரலாமா கூடாதா என்று.
வீட்டைப் பார்வையிட்டது ஜூலை பதினேழு, மாலை நாலு மணி
என்று போட்டிருக்கிறது.

ஜூலை பதினேழு, மாலை நாலு மணிக்கு
சீத்தா கேம்ப் கே செக்டாரில்
சந்து முழுக்க இடுப்பளவு தண்ணீர்.
பரண் மேல் நான், அரிசி டின்,
எதிர்வீட்டு சகாயராணியின் இரண்டு பிள்ளைகள்,
யாருடையது என்று தெரியாத ஒரு கோழி.
அவள் வந்திருந்தால் நீந்தித்தான் வந்திருக்க வேண்டும்.
நீந்தி வந்த ஒருத்தியை
நான் மறந்திருக்க மாட்டேன்.

மூன்றாம் பக்கம், ஒன்பதாவது வரி:
அறையில் ஜன்னல் இல்லை.

ஜன்னல் இருக்கிறது.
ரமலானுக்கு முன்பே சீட்டைத் தள்ளி எடுத்து
இரண்டாயிரத்து நானூறு கொடுத்துச்
சுவரை உடைத்து வைத்தேன்.
இருட்டென்றால் நஸ்ரினுக்கு மூச்சே வராது.
வெளியே பெரிதாய் ஒன்றும் தெரியாது.
பக்கத்து வீட்டுத் தகரம்,
ஒரு முழம் வானம், குறுக்கே கேபிள் ஒயர்.
இருந்தாலும் திறந்தால் திறக்கிறது,
மூடினால் மூடுகிறது.

லஞ்சம் கேட்டாள் என்று சேர்க்கலாமா?
ஃபைல் வேகமாய் நகரும், என்றார் பாகவத்.
கேட்கவில்லை.
திட்டினாளா?
இல்லை. ஒரு தடவை
பிள்ளை என் துப்பட்டாவை விடமாட்டேன் என்று பிடித்தபோது
விரல் விரலாய்ப் பிரித்தது அவள்தான்.
வலிக்காமல்தான் பிரித்தாள்.
அதையும் எழுதுங்க.
பாகவத் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.
எழுதவில்லை.

அவளிடம் நூற்றிருபது வீடுகளாம்,
ஒரு ஆள் எத்தனை பார்க்க முடியும் என்றார் இல்லத்து வாட்ச்மேன்.
இருக்கட்டும்.
நானும் நாளைக்கு நானூறு ஜீன்ஸுக்குப் பிசிறு வெட்டுகிறேன்.
வெட்டாத உருப்படியை வெட்டியதோடு சேர்த்துக் கட்டினால்
சாயங்காலமே முதலாளி மூஞ்சியில் வீசுவார்.
அவள் கட்டிய கட்டில்
ஆறு வயதுப் பிள்ளை இருந்தது,
யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

கடைசிக் கட்டம் சின்னது:
என்ன நிவாரணம் கோருகிறீர்?
உரிமத்தை ரத்து செய்க, பணிநீக்கம் செய்க
என்று பாகவத்திடம் வாக்கியங்கள் சூடாகத் தயார்.
நான் சொன்னேன்,
ஒரு நாள் வரச் சொல்லுங்கள்.
ஜன்னலைத் திறந்து பார்க்கட்டும்.
அப்புறம் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும்.
மராத்தியில் அது
மூன்று வார்த்தை ஆனது.

மூன்று பிரதி, அறுபது ரூபாய்.
உள்ளே பத்தாம் ஜன்னலில் குமாஸ்தா
முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தினார்.
தேதி நேற்றையது.

சாகேப், இன்றைக்குச் செவ்வாய்.

ஒரு நாள்தானே, என்றார்.

நீட்டின கையை நான் எடுக்கவில்லை.
வரிசை பின்னால் முனகியது.
ஒருவர் என் ஊரைக் கேட்டார், ஒருவர் சிரித்தார்.
கடைசியில் அவர் மைபட்ட கட்டைவிரலால்
சின்னச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தி
மறுபடி குத்தினார்,
நேற்றின் மேலேயே.

இரண்டும் தெரிகிறது.