இரண்டாம் தளம், கோட்டுகள்

அந்தக் கடையை எனக்குப் பின்வாசல் வழியாகத்தான் தெரியும்.
காலை ஏழே கால். ஹல் நகரத்து மழை
மேலிருந்து விழாது,
ஆற்றுப் பக்கமிருந்து பக்கவாட்டில் வரும்.
வேனைப் பின்னுக்கெடுத்து நிறுத்தி
நாற்பது ஐம்பது பொட்டலம் இறக்குவேன்.
யாரோ படுக்கையில் புரண்டபடி
கட்டைவிரலால் வாங்கிய சட்டைகள்.

தோர்ன்கேட் அண்ட் சன்ஸ். நான்கு தளம்.
மகன்கள் எப்போதோ விற்றுவிட்டுப் போனார்கள்.
வாங்கியவன் விற்றான். அவனிடம் வாங்கியவன்
கட்டடத்தைத் தனியாக, பெயரைத் தனியாக விற்றான்.
கடைசியாக வந்த மேலாளருக்கு ஒரு யோசனை:
இணையத்தில் வாங்கியதை
இங்கே வந்து எடுத்துப் போகட்டும்,
வருகிற கால்கள் ஒரு ஜோடி காலுறையாவது வாங்காதா?
வாங்கவில்லை.

அந்த மேசைக்கு க்ளெனிஸை இறக்கினார்கள்.
இருபத்தெட்டு வருஷம்
இரண்டாம் தளத்தில் கோட்டு விற்றவள்.
ஆள் நகரும் படியில் தலைகாட்டும்போதே
தோளைப் பார்த்து அளவு சொல்லிவிடுவாளாம்.
ஒரு தோள் தாழ்ந்திருந்தால்
"பை தூக்குற தோள்" என்பாள்,
பாராட்டு மாதிரி.
இப்போது கையில் ஸ்கேனர்.
பீப். கையெழுத்து. அடுத்தவர்.

என் பெயரைக் கேட்டதேயில்லை அவள்.
"வந்துடுச்சா அமரர் ஊர்தி" என்பாள்.
சொல்லிக்கொண்டே தேநீரும் நீட்டுவாள்,
சர்க்கரை நான் கேட்டதைவிட ஒரு கரண்டி கூட.

ஒரு பிப்ரவரியில்
பச்சைக் கோட்டு ஒன்று என் வேனில் வந்தது.
வாங்க வந்தது ஒரு சின்னப் பெண்.
முந்தின வாரம் ஆள் போதாமல்
க்ளெனிஸ் மேலே போய் நின்ற ஒரு மதியம்
அவளுக்கு அதே கோட்டை மாட்டி
கழுத்துப் பட்டையை நிமிர்த்தி
மூன்றாவது பொத்தானைப் போட்டுவிட்டிருந்தாள்.
பெண் சீட்டைப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
பதினோரு பவுண்டு மிச்சம்.
க்ளெனிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பீப்.
யார் கொண்டுவந்தது என்று
அங்கே இரண்டு பேருக்குத் தெரியும்.
நானும் எங்கேயும் கடைக்குப் போய் வாங்குகிறவன் இல்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு மஞ்சள் காகிதங்கள் ஒட்டினார்கள்.
முப்பது. ஐம்பது. எழுபது.
பத்து வருஷம் எட்டிப் பார்க்காதவர்கள்
விளக்குக் கூண்டுகளை அணைத்துக்கொண்டு வந்து
எப்பேர்ப்பட்ட கடை, எப்பேர்ப்பட்ட கடை என்றார்கள்,
துக்க வீட்டில் பந்தி எப்போது என்று பார்க்கிற கண்ணோடு.
பொம்மைகளும் விலைக்குப் போயின, ஒன்று பதினைந்து பவுண்டு.
ஒரு கை இல்லாத பொம்மை
பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனதைப் பார்த்தேன்.
உடுத்திப் பார்க்கும் அறைக் கண்ணாடியும் விற்றுவிட,
மாட்டிப் பார்த்தவர்கள்
சுவரைப் பார்த்துத் திரும்பித் திரும்பி நின்றார்கள்.

கடைசி நாள் எனக்கு அங்கே பொட்டலம் இல்லை.
வேனைத் தள்ளி நிறுத்திவிட்டு
முதல் முறையாக முன்வாசல் வழியாகப் போனேன்.
நகரும் படியை நிறுத்திவிட்டார்கள்.
நின்றுபோனது என்று கண்ணுக்குத் தெரிகிறது,
காலுக்குத் தெரியவில்லை.
முதல் படியில் உடம்பு முன்னால் சாய்ந்து தடுமாறியது.

இரண்டாம் தளத்தில் கம்பளம் மட்டும்.
அலமாரி இருந்த இடமெல்லாம்
புதுச் சிவப்பில் சதுரம் சதுரமாக.
க்ளெனிஸ் வெறும் ஹேங்கர்களை
இருபது இருபதாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்தாள். என் கோட்டைப் பார்த்தாள்.
"மூணு வருஷமா பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன்.
கையைக் காட்டு."
விரல் முட்டிவரை தொங்கிய கையை மடித்து
உதட்டிலிருந்து இரண்டு குண்டூசி எடுத்துச் செருகினாள்.
மற்றக் கைக்கு ஊசி இல்லை.
"வீட்ல தைச்சுக்கோ" என்றாள்.
சரி என்றேன். வீட்டில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை.

இப்போது பெட்ரோல் நிலையத்துச் சுவரில்
வரிசையாக இரும்புப் பெட்டிகள்.
எண்ணைத் தட்டினால் ஒரு கதவு மட்டும் திறக்கும்.
வைப்பேன். தானே சாத்திக்கொள்ளும்.
அடுத்தது.

வண்டியை இடப்பக்கம் ஒடிக்கும்போது
மணிக்கட்டில் சுருக்கென்கிறது.
ஒரு குண்டூசி எங்கோ விழுந்துவிட்டது.
மற்றது இருக்கிறது.