நான்காம் வேற்றுமை

லாரிசாவின் ஜூன் வெயில்
உடற்பயிற்சிக் கூடத்தின் தகரக் கூரையில்
உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கிறது.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே இருபத்தாறு மேசைகள்.
என் மேசையில் கட்டுக்கு இருபத்தைந்து தாள்.
பெயர்களின் மேல் கறுப்பு ஸ்டிக்கர்.
பாடம்: பழைய கிரேக்கம்.

விடைக்குறிப்பு நேற்றுதான் வந்தது.
பிள்ளைகளுக்கோ போன வருடமே மனப்பாடம்.
"நம் முன்னோர் மனித மாண்பை" என்று தொடங்கும் பத்தியை
இதுவரை பதினேழு பேர்
காற்புள்ளி பிசகாமல் எழுதிவிட்டார்கள்.
ஒரே டுடோரியல், ஒரே ஜெராக்ஸ்.
பதினெட்டாவது ஆள் மாண்புக்கு ஒரு சுழி கூடப் போட்டிருந்தான்;
எழுந்துபோய்க் கைகுலுக்கலாம் போலிருந்தது.

பாந்தெலிஸ் பக்கத்து மேசை, பொருளாதாரத் தாள்.
ஐஸ் காப்பியைக் கலக்கிக்கொண்டே சொல்கிறான்:
"எவான்தியா, உன் ஆறு பீரியடை எனக்குக் கொடு.
வட்டி என்றால் என்னவென்று சொல்லித்தருகிறேன்.
இதுகள் குடியிருக்கப்போவது கடனில்,
காவியத்தில் இல்லை."
என்னிடம் பதில் இல்லை.
வேர் வேர் என்று மேடையில் முழங்குகிறவர்களை
நானும் நம்புவதில்லை.
அவர்கள் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் கணினி படிக்கின்றன.

பத்தி சிறியது.
ஒரு நகரம் விழுந்திருக்கிறது.
வென்ற தளபதி கிணற்றடியில் நின்று சொல்கிறான்:
தோற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

கொடுப்பதற்கென்றே ஓர் உருபு வைத்திருந்தது அந்த மொழி.
நான்காம் வேற்றுமை.
இன்று நாங்கள் பேசுவதில் அது இல்லை.
எந்த நூற்றாண்டில் உதிர்ந்ததென்று
அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள்;
யாரும் அழுததாகத் தெரியவில்லை.
அதன் வேலையை ஆறாவது எடுத்துக்கொண்டது.
கையிலிருந்து கொடுக்கும்போதும்
உடைமைக்குள்ள உருபைத்தான் போடுகிறோம்,
ரொட்டிக் கடையில், கல்யாண வீட்டில்,
மருந்துச் சீட்டை நீட்டும்போது.

இருபத்திரண்டாவது தாள்.
இடப்பக்கம் சாய்ந்த நீல எழுத்து.
'தோற்றவர்களின் தண்ணீரைக் கொடுங்கள்.'

தப்பு. இரண்டு மதிப்பெண்.
சிவப்புப் பேனா பாதி கீறியாயிற்று.
கீழே ஒரு வரி, எழுதி அடித்தது:
'கிணறு அவர்களுடையதுதானே?'

அடித்த வரியை வாசிக்கக் கூடாதென்பது விதி.
வாசித்துவிட்டேன்.

பதினோரு வருடமாக இந்தப் பத்தியை நடத்துகிறேன்.
தளபதியின் கருணை என்று கரும்பலகையில் எழுதி
அடிக்கோடிட்டு, தேதியும் போட்டிருக்கிறேன்.
கிணற்றைத் தோண்டியது யார் என்று
ஒரு நாளும் தோன்றவில்லை எனக்கு.

மூன்றாம் கேள்வி:
தளபதியின் பெருந்தன்மையை விளக்குக. பத்து மதிப்பெண்.
குறிப்பில் நான்கு புள்ளிகள் உண்டு.
நீல எழுத்து ஒரே வரியோடு நிறுத்தியிருந்தது:
'திருப்பிக் கொடுத்ததற்குப் பெயர் அதுவா?'

கூடத்தில் மின்விசிறிச் சத்தம்.
யாரோ தும்முகிறார்கள்.

மொழிபெயர்ப்பில் இரண்டைக் கழித்தேன்;
தப்பு தப்புதான், உருபு உருபுதான்.
மூன்றாம் கேள்விக்குப் பத்துக்குப் பத்து.
இரண்டாவதாகத் திருத்துபவர்
பூச்சியம்தான் போடுவார், போட்டாக வேண்டும்.
வித்தியாசம் பெரிதானால்
தாள் மூன்றாவது ஆளிடம் போகும். அதுவும் விதி.
போகட்டும்.
இந்த நாட்டில் இந்த வருடம்
அந்தக் கிணற்றடியில் மூன்று பேராவது
கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

என் மதிப்பெண்ணின் மேல் ஸ்டிக்கரை ஒட்டினேன்.
ஓரம் எழும்பியது; நகத்தால் அழுத்தினேன்.
"என்ன, ரொம்ப நேரமாக ஒரே தாளா?"
என்றான் பாந்தெலிஸ்.
"கடன் கணக்கு" என்றேன்.
அவனுக்குச் சிரிப்பு.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து
இருபத்து மூன்றைத் திறந்தேன்.
"நம் முன்னோர் மனித மாண்பை..."