ஐந்து நாற்பதுக்குக் காலாவதி

கோத்தகிரியில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு மேலே
பெயர்ப்பலகை இல்லாத கட்டடத்தில்
நாட்டின் பெயர்கள் அத்தனையும் இருக்கின்றன.
புள்ளிக்குப் பின்னால் வருவது நாடு.
முன்னால் ரயில், ரத்த வங்கி,
கொலுசு விற்கிற ஒருவரின் கடை,
யாரோ நேற்றிரவு ஆசையாய் வாங்கி
இன்னும் ஒன்றும் எழுதாத பக்கம்.

யார் எங்கே இருக்கிறார்கள் என்று
உலகம் கேட்டுக்கொண்டே இருக்கும்,
நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்போம்.
சொன்னது நாங்கள்தான் என்பதற்கு
ஒவ்வொரு பதிலின் அடியிலும் ஒரு கையெழுத்து.
அதற்கு ஆயுள் உண்டு,
பால் பாக்கெட்டுக்கு இருப்பதுபோல.

அன்றைக்கு அது முடிவது காலை ஐந்து நாற்பதுக்கு.
சமவெளித் தலைமையிடத்தில் வெள்ளம் புகுந்து இரண்டாம் நாள்,
முறை மலைக்கு வந்திருந்தது.
பெட்டகம் திறக்க இரண்டு அட்டை வேண்டும்.
ஒன்று என் கழுத்தில்.
மற்றது போஜனிடம், அதிகரட்டியில்.
நடுவே, வண்டிச்சோலைக்கு அப்பால்,
சாலை இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது.

ஒன்றரை மணிக்குத் தலைமையிடத்திலிருந்து அழைப்பு.
“யோகராணி, முத்திரை போட்ட உறையில்
உபரி அட்டை இருக்கிறதே, உடையுங்கள்.
எண்ணைப் போஜன் போனில் சொல்லட்டும்.”
உறையை உடைக்கச் சாட்சி இரண்டு பேர் வேண்டும் சார்.
இங்கே நானும் ஒரு ஜெனரேட்டரும்.
வாசலில் அருள்தாஸ் இருக்கிறார், உள்ளே வரக் கூடாது,
வந்தால் நானே புகார் எழுத வேண்டும்.

குரல் அவருடையதுதான். இருமல்கூட.
ஆனால் நள்ளிரவில், அவசரம் என்று,
தெரிந்த குரலில் வருவதைத்தான்
நம்பாதே என்று எழுதி வைத்திருக்கிறோம்.
எழுதியவரே அவர்தான்.

“காலாவதியானால் நாடே இருண்டுவிடும், தெரியுமா?”
தெரியும்.
வேறு எவனோ கையெழுத்துப் போட்டால்
வெளிச்சமாகவே இருக்கும்,
எல்லாக் கதவும் அவன் வீட்டுக்குள் திறக்கும்.
இதை நான் சொல்லவில்லை.
“காத்திருக்கிறேன் சார்” என்றேன்.

மண்டபம் முகாமில் அப்பாவின் பெயரில்
ஒரு புள்ளியை விட்டுவிட்டார்கள்.
மெய் உயிர்மெய்யாகி,
ரேஷன் அட்டையில் அவர் வேறு ஆள்.
முப்பது வருடம் தேயிலை பறித்த பிறகு
பென்ஷன் அந்த வேறு ஆளைத் தேடிப் போயிற்று.
இங்கேயும் அப்படித்தான்.
வரியின் கடைசிப் புள்ளி விட்டுப்போனால்
பெயரின் வாலில் இன்னொரு பெயர் முளைத்துவிடும்.

மூன்று. மூன்றே கால்.
டீசல் அளவை இரண்டுமுறை பார்த்தேன்.
போஜனின் போன் கேத்திக்குப் பிறகு எடுக்கவில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு
ஒரு கேரட் லாரி வளைவில் நின்று
ஓர் ஆளை இறக்கிவிட்டு மேட்டுப்பாளையம் போனது.
இரவோடு இரவாகக் கழுவிய மூட்டைகள்மேல் உட்கார்ந்து
ஊட்டி, கட்டபெட்டு சுற்றி வந்திருந்தார்.
முதுகெல்லாம் ஈரம், முழங்கால்வரை சேறு.
“அட்டையைக் காட்டுங்கள்” என்றேன்.
பதினோரு வருடப் பழக்கம்.
காட்டினார்.
விறைத்த விரலை இயந்திரம் இரண்டுமுறை மறுத்தது.
தேநீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து
மூன்றாம் முறை
அவர் அவரானார்.

ஐந்து பதினேழு. கையெழுத்தாயிற்று.
வரிசை எண்ணில் ஒன்று கூடியது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
“01:30, அழைப்பு. மறுக்கப்பட்டது.”
யார் அழைத்தது என்ற கட்டத்தில்
பெயரை எழுதி, பக்கத்தில்
“என்று சொன்னவர்” என்று சேர்த்தேன்.

ஐந்து நாற்பது வந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததை இருவரும்
திரையில் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போஜன் சட்டைப்பையிலிருந்து
ஒரு கேரட்டை எடுத்து இரண்டாக உடைத்தார்.
சர்வர் அறையில் சாப்பிடக் கூடாது.
வெளியே போனோம்.
கேட்டை அடைத்துக்கொண்டு காட்டெருமை நிற்கிறது,
அவசரப்படாதீர்கள் என்றார் அருள்தாஸ்.