இன்னைக்குச் சாம்பார்ல என்ன காய்

கோரிமேட்டில் ஏறும்போதே
மடியிலிருந்த ரௌட்டர் பெட்டியைப் பார்த்து
"இதுக்கும் லக்கேஜ் போடணுமா?" என்றார் நடத்துனர்.
பதினோராவது கொண்டை ஊசியில் காது அடைத்தது.
போனில் மூன்று கோடு, பின் ஒன்று,
பின் வெறும் மேகம்.

நாகலூருக்கும் அப்பால் அந்தப் பள்ளி.
புகாரில் எழுதியிருந்தது:
கணினி வேலை செய்யவில்லை.
கணினி வேலை செய்தது.
திரையின் ஓரம் ஒட்டிய மஞ்சள் தாளில்
ஊருக்கே தெரிகிற மாதிரி பாஸ்வேர்டு:
பள்ளியின் பெயர், ஒன்று, இரண்டு, மூன்று.

அதன் எதிரே
கைகளை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தார் அருள்சீலி டீச்சர்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை.
ஹெச்.எம். படம். கட்டம் போட்ட அதே சட்டை,
ஆண்டுவிழாவில் எடுத்தது.
'மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது,
அவசரமாகப் பதினெட்டாயிரம்,
காலையில் தந்துவிடுகிறேன்.'
எண் புதிது. முகம் பழையது.
டீச்சர் முகத்தை நம்பினார்.

"சந்தேகம் வரலையா?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"வந்துச்சு சார். கேக்க வாய்தான் வரல.
பதினாறு வருசமா அந்த ரூமுக்கு வெளிய நின்னு
'உள்ள வரலாமா'ன்னு கேட்டவ நான்.
'நீங்கதானா'ன்னு எப்படிக் கேப்பேன்?"

என்னிடம் நாற்பது ஸ்லைடு இருந்தது.
பூட்டு, சாவி, முகமூடித் திருடன்,
சிவப்பில் பெரிதாக 1930.
எதிலும் அந்தக் கதவு இல்லை.

அதற்குள் கரண்ட் போனது.
ஸ்டாஃப் ரூமில் பனி வந்து உட்கார்ந்தது
எங்களோடு.

சென்றாயப்பெருமாள் சார் உள்ளே வந்தார்,
திருடியது தான்தான் என்பதுபோல.
"என் மூஞ்சிய வச்சுத்தான எடுத்தான்.
இனிமே நான் பணம் கேட்டா
அது நான் இல்லைன்னு வச்சுக்கங்க."
யாரும் பேசவில்லை.
சத்துணவு அமைப்பாளர் பூங்காவனம்தான் கேட்டார்:
"நீங்களாவே இருந்துட்டா?"
அன்றைக்கு முதல் சிரிப்பு.

ஒரு கேள்வி வைத்துக்கொள்ளலாம் என்றேன்.
பிறந்தநாளா? பேஸ்புக்கில் கேக்கோடு இருக்கிறது.
சொந்த ஊரா? அயோத்தியாப்பட்டணம், எல்லோருக்கும் தெரியும்.
மகள் பெயர் கல்யாணப் பத்திரிகையில் ஊரெல்லாம் போய்விட்டது.

"சாம்பார்ல என்ன காய்னு கேளுங்க," என்றார் பூங்காவனம்.
"சந்தையில எது மலிவோ அது.
அடுப்பு மூட்டற வரைக்கும் எனக்கே தெரியாது.
எவன் திருடுவான் அதை?"

கரண்ட் வந்ததும் என் வேலையைச் செய்தேன்.
மஞ்சள் தாளைக் கிழித்தேன்.
"புதுசா ஒண்ணு போடுங்க டீச்சர்.
சொல்லாதீங்க. எனக்கும் சொல்லாதீங்க."
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி.
முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு விசையாய்ச் சத்தம்,
எண்ணாமலிருக்கப் பார்த்தேன்,
பதினாலு.

1930 லைன் கிடைக்க இருபது நிமிடம்.
நாலாயிரத்தைத் தடுத்து வைத்திருக்கிறார்களாம்.
மிச்சம் எந்த ஊர் வெயிலில் செலவாகிறதோ.
சாக்பீஸ் பெட்டியின் முதுகில்
புகார் எண்ணை எழுதிக்கொண்டார் டீச்சர்,
இரண்டு முறை சரிபார்த்து.

மூன்று வாரம் கழித்து ஹெச்.எம். போன் செய்தார்.
சேலத்தில் மீட்டிங் முடிந்து ஏறும்போது
மழையில் வண்டி நின்றுவிட்டதாம்.
பர்ஸ் மேசை டிராயரில்.
மெக்கானிக்குக்கு ஆயிரத்து இருநூறு
அனுப்பச் சொல்லி டீச்சருக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்.
பதில் உடனே வந்திருக்கிறது:
'இன்னைக்குச் சாம்பார்ல என்ன காய்?'

"காலையிலயே கிளம்பிட்டேன், எனக்கெப்படித் தெரியும்?
கத்திரிக்கான்னேன். தப்பு.
முள்ளங்கின்னேன். பிளாக் பண்ணிட்டாங்க.
நாற்பது நிமிசம் நனைஞ்சேன் சார்,
பதினாலாவது வளைவுல."

கோபமா என்று புரியவில்லை.
டிக்கெட் எழுதவா என்றேன்.
வேண்டாம் என்றார்.
வைக்கப்போகும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்தி,
"சௌசௌவாம்," என்றார்.