ஒன்பதால் பிரிபடும்

ஆயிரத்து எண்ணூறு ரூபா.
அவ்வளவுதான் வித்தியாசம்.
அதற்காகத்தான் ஐந்து மாதம் பிந்தியது
எங்கள் கம்பனிச் சேமலாப நிதியின் ஆண்டறிக்கை.

தாமதத்திற்கான காரணம் எழுத
படிவத்தில் இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள்.

குவாரி வீதியில்
ஆணிக்கும் பிணைச்சலுக்கும் பெயின்ற் வாளிகளுக்கும் மேலே
இரண்டாம் மாடி, நாற்பத்தொரு அங்கத்தவர்,
நான் ஒருத்தி.
கீழே லொறிகள் பின்னுக்கு எடுக்கும் சத்தத்தில்
ஏப்ரலில் கூட்டினேன், மேயில் கூட்டினேன்.
ஒருநாள் கணக்கு ஒத்தே வந்துவிட்டது.
எல்லாருக்கும் பிளேன்ரீ சொல்லிவிட்டுத்
திரும்பக் கூட்டினால்
போன இடத்திலிருந்து வந்து
அதே கதிரையில் உட்கார்ந்திருந்தது
ஆயிரத்து எண்ணூறு.

"என்ட பொக்கெட்டால போடுங்க, மூடுங்க"
என்றார் நஸூர்தீன் முதலாளி.
போட்டால் மூடும்தான்.
யாருடைய பெயரில் போடுவது?

ஜூன் முப்பது போனது.
அதன்பிறகு அந்த ஃபைல்
மேசையில் கிடந்தபடி என்னைப் பார்த்தது,
நான் அதன்மேல் வேறு ஃபைல்களை வைத்தேன்.

நவம்பர் மழை.
103 பஸ் மருதானையில் அசையாமல் நின்றபோது
எப்போதோ பரீட்சைக்குப் பாடமாக்கியது
தானாக வாயில் வந்தது:
வித்தியாசம் ஒன்பதால் பிரிபட்டால்
இரண்டு இலக்கம் இடம்மாறி இருக்கிறது.
ஆயிரத்து எண்ணூறை ஒன்பதால் பிரித்தேன்.
இருநூறு.
பக்கத்து சீற் பெண் திரும்பிப் பார்த்தாள்,
சத்தமாய்ச் சொல்லிவிட்டேன் போல.

இருபத்துமூன்றாம் இலக்கம். மரியசீலன், களஞ்சியம்.
பெப்ரவரியில் 6,430 கட்டியவருக்கு
4,630 என்று பதிந்திருந்தது.
என் கையெழுத்துத்தான்.

போய்ச் சொன்னேன்.
கம்பிச் சுருளை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:
"அதுவா மிஸ்? ஜூலையில
லோனுக்குப் பலன்ஸ் எழுதித் தந்தீங்களே,
அப்பவே கண்டன்.
எதுக்காவது வெட்டியிருப்பீங்க என்டு
பேசாம இருந்திட்டன்."

படிகளில் ஏறி வரும்போது
இருபத்தெட்டுப் படி என்று
முதன்முறை எண்ணினேன்.

முதலாளி திகதி முத்திரையைத் தள்ளி வைத்தார்.
"சில்லைத் திருப்பினா ஜூன்தானே."
அவர் போனபின் திருப்பித்தான் பார்த்தேன்.
கறகறவென்று பின்னோக்கிப் போய்
முப்பதில் நின்றது, அவ்வளவு லேசு.
கடதாசியில் குத்தவில்லை,
உள்ளங்கையில் குத்தினேன்.
சவர்க்காரம் போட்டும் ஊதா போகவில்லை.

காரணம் என்ற இடத்தில் எழுதினேன்:
அங்கத்தவர் இல. 23 இன் ரூ. 1,800/- ஐத்
தேடிக்கொண்டிருந்தோம்.
இரண்டாவது கோடு பாதி மிச்சம்.

நாரஹேன்பிட்டியில், லிஃப்ட் வேலை செய்யாத நாளில்,
நில்மினி என்ற பெயர்ப்பட்டி குத்திய உத்தியோகத்தர்
பக்கத்து மேசையில் கேட்டுக் கேட்டு
அந்த ஒன்றரைக் கோட்டையும் வாசித்தார்.
"எச்சரத?" என்றார், அவ்வளவுதானா.
தலையாட்டினேன்.
தண்டப்பணம், அந்த ஆயிரத்து எண்ணூறுபோல்
பன்னிரண்டு மடங்கு.
காசை நீட்டியபோது
ஊதா ஜூனைக் கண்டாரோ தெரியாது,
ரசீதில் அன்றைய திகதியை
மேசை அதிரக் குத்தினார்.

"இதை எந்தக் கணக்கில போடுவீங்க?"
முதலாளி ரசீதை
வெளிச்சத்துக்குப் பிடித்துக் கேட்டார்.
தண்டம் என்ற தலைப்பிலேயே என்றேன்.
அன்று முழுக்க அவர் பேசவில்லை.

பின்னேரம், ஷட்டர் பாதி இறங்கியிருக்க,
மரியசீலன் படியேறி வந்தார்.
திருத்திய பக்கத்தைக் காட்டினேன்,
சிவப்பு மையில் 6,430, பக்கத்தில் என் சுருக்கொப்பம்.
விரலால் தொடாமல் வாசித்தார்.
பிறகு, மெதுவாக,
"பத்து மாச வட்டியும் வரும்தானே மிஸ்?"

நான் அதை நினைத்தே இருக்கவில்லை.

கல்குலேற்றரைத் திரும்ப எடுத்தேன்.
எட்டரை வீதப்படி
நூற்று இருபத்தேழு ரூபா ஐம்பது சதம்.
அவர் நிற்கும்போதே
ஒன்பதால் பிரித்தும் பார்த்தேன்.
பிரிபடவில்லை.