முப்பத்தாறு மில்லிமீட்டர்

டாண்டினோங் தெற்கு, ஆறாம் இலக்கக் கொட்டகை.
தகரக் கூரைக்குக் கீழே நாற்பத்தொரு பாகை.
காதுமூடியை இழுத்துவிட்டால்
உலகம் எங்கோ கிணற்றுக்குள் போய் நின்றுகொள்ளும்.
பிறகு என் மூச்சும் சில்லும்தான்.

குண்டு ஒரு தேசிக்காய் அளவு.
கோபால்ட் குரோமில் வார்த்தது,
யாருடையதோ இடுப்பெலும்புக் கிண்ணத்தில்
உருளப்போகிறது.
என்னிடம் வரும்போது
பலாக்கொட்டைத் தோலின் மங்கல்.
நானூறு, எண்ணூறு, பிறகு கயிற்றுச் சில்லு,
பிறகு பஞ்சுச் சில்லு, கடைசியில் வைரப் பசை.
எண்ணெய் விரலில்
கழுவுற மீனில் நழுவுற மீனாய்
இரண்டு தடவை கைவிட்டுப் போயிருக்கிறது.
விழுந்தால் குப்பை.
நூற்றுத் தொண்ணூறு டொலர் என்று டார்க்கோ கத்துவான்.
என் அறைக்கு ஒரு கிழமை வாடகை.

மூக்கைச் சிந்தினால் கறுப்பு.
வெள்ளைத் தலையணை உறை வாங்குவதை விட்டுவிட்டேன்.
பக்கத்துச் சில்லில் ஹுவோங், இருபத்தாறு வருடமாய்.
எங்கள் நடுவே கொஞ்சம் இங்கிலீஷ்,
மீதி கட்டைவிரல்:
மேலே என்றால் சரி,
கீழே என்றால் டார்க்கோ வருகிறான்.

மினுக்கி முடிய என் முகம் தெரியும்,
மூக்கு பெருத்து, காதுகள் ஓடி ஒளிந்து,
பின்னால் முழுக் கொட்டகையும் வளைந்து,
குழல்விளக்குகள் விலா எலும்பு மாதிரி.
இவ்வளவு கண்ணாடி எதுக்கு?
போகிற இடம் இருட்டு.
சதையைத் தைத்து மூடிய பிறகு
அதில் முகம் பார்க்க ஆர் வரப்போகினம்?

கேட்டேன்.
'பார்க்க இல்லை டயா, உரசாமல் இருக்க' என்றான்.
தயாளினியில் பாதிதான் அவன் வாய்க்குள் அடங்கும்.

ஒவ்வொன்றிலும் லேசரால் இலக்கம் அடிக்கிறார்கள்.
இருபது வருடம் தாங்குமாம்.
என் விசாவுக்கும் இலக்கம் உண்டு,
போன மார்கழியில் நீட்டித் தந்தது ஆறு மாதம்.
இந்தக் குண்டோ
ஒருவரின் உடம்பில் நிரந்தரமாய்க் குடியேறும்,
லோயர் செலவில்லை, நேர்முகம் இல்லை.
நினைத்து நானே சிரித்தேன்.
காதுமூடிக்குள் சிரிப்பு பெரிதாய்க் கேட்கும்.

நேற்று நடந்தது இது.
நூற்று நாற்பத்து மூன்றாவது குண்டு. கணக்கு நூற்றறுபது.
கருவி பச்சை விளக்கைப் போட்டது.
அது ஒரு கோட்டைத்தான் அளக்கும்.
உருப்பெருக்கியிலும் ஒன்றுமில்லை.
நகத்தை வைத்து இழுத்தேன்,
பூனை நாக்கு பட்டதுபோல ஏதோ.
திரும்ப இழுத்தேன், இருந்தது.
மூன்றாம் தடவை இல்லை.

ஹுவோங்கிடம் நீட்டினேன்.
அவள் நகம் போய் வந்தது.
அவள் கட்டைவிரல்
மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல்
படுக்கையாய் நின்றது.

நல்லவள் என்று சொல்ல வரவில்லை.
இரவு இரண்டு மணிக்கு
முகமறியா ஒருத்தி படியிறங்கும் சத்தம்
எனக்குத்தானே கேட்கும்.
குண்டைத் திரும்பப் பஞ்சுச் சில்லில் கொடுத்தேன்.

நூற்றைம்பத்தொன்பதில் மணி அடித்தது.
டார்க்கோ பலகையில் எழுதினான்,
ஒன்று குறைய, சிவப்பு மையில்.

வீடு போகிற பஸ்ஸில் ஒரு மனுசி,
கைத்தடி மடியில்.
லொன்ஸ்டேல் வீதியில் எழும்பினாள்.
கம்பியைப் பிடிக்காமல்
ஒவ்வொரு படியாய் இறங்கினாள்.
நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
இடதா வலதா என்றுதான் பார்த்தேன்.