உலராத கருமை

ஹீரோ என்பது இங்கே ஒரு பெண்ணின் பெயர்.
கோபுரத்தில் நிற்கிறாள், கையில் விளக்கு.
கீழே நீரிணை. நீருக்குள் எங்கோ
அவளுக்காக நீந்திவருகிற லியாண்டர்.
இதெல்லாம் சட்டத்தில் அறைந்த பித்தளைத் தகடு சொல்வது.
நான் பார்ப்பது
ஒரு முழங்கை,
பிறகு கறுப்பு.

விஸ்மார் நகரத்தில் சின்ன அருங்காட்சியகம்.
வடக்குச் சன்னல், பஞ்சுக்குச்சி, எச்சில்.
எச்சில்தான். அதைவிடப் பதமான கரைப்பான்
இன்னும் என் கைக்கு வரவில்லை.
மூன்று வாரமாகத் துடைக்கிறேன்.
புகை வந்தது, மெழுகு வந்தது,
யாருடைய விருந்திலோ தெறித்த ஒயின் வந்தது.
விளக்கு வரவில்லை.

திருப்பிப் போட்டால், துணியின் முதுகில்
டெட்லெஃப் ப்ராம் கிறுக்கிய பென்சில் எழுத்து:
1827, அக்டோபர். வீப்கேவுக்கு இரண்டு தாலர்.
விளக்கைத் தப்பாக வரைகிறேனாம்.

வீப்கே, துறைமுக விளக்குக்காரரின் மகள்.
கண்ணுக்கு நேரே சுடரைப் பிடித்தால்
கடல் எப்படித் தெரியும், ஐயா?
அதுவும் இந்தக் காற்றில்
நாலு எண்ணுவதற்குள் திரி அணையும்.
அணைந்த பிறகுதானே கதையே?
அணைந்தால் உன் முகம் தெரியாதே, என்றிருப்பார்.
அவனுக்கும்தான் தெரியவில்லை, என்றிருப்பாள்.
காசை முடிந்துகொண்டு,
மீன் புகைபோடும் சந்து வழியே,
எண்ணெய் ஊற்ற நேரமாயிற்றென்று ஓடியிருப்பாள்.

அவர் மாற்றவில்லை.
ஈயம் கலந்த மஞ்சளில்
சுடரைத் தடிப்பாக அப்பினார்.
சுற்றியுள்ள இரவுக்கு வேறெந்தக் கறுப்பும் போதாமல்
நிலக்கீலைக் குழைத்துப் பூசினார்.
அந்தக் காலத்து ஓவியர்களுக்கு அதன்மேல் ஒரு மயக்கம்:
தேன்போல மினுங்கும், ஆழம் காட்டும்,
உலரவே உலராது.

உலரவில்லை.
தானிய வணிகர் வீட்டுச் சாப்பாட்டறையில்,
கணப்படுப்பின் சூட்டில்,
ஆண்டுக்கு ஓர் எள்ளளவு
இறங்கியது இருட்டு.
அலைகள் போயின. கோபுரப் படி போயிற்று.
எப்போதோ, யாரும் கவனிக்காத ஒரு வேளையில்,
சூப்புக்கும் இறைச்சிக்கும் நடுவே,
விளக்கு அணைந்தது.

நேற்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம்.
கருமைக்கு அடியில் சுடர் அப்படியே இருக்கிறது,
கண்ணுக்கு நேரே,
தப்பான இடத்தில்.
சுரண்டி எடுக்கலாமா என்கிறார் இயக்குநர்.

வேண்டாம் என்று அறிக்கை எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
வீப்கே சொன்னது சரி என்று எழுதி, அடித்துவிட்டு,
வண்ணப்படலம் பலவீனம் என்று போட்டேன்.

முழங்கையை மட்டும் மறுபடி ஒருமுறை துடைத்தேன்.
எந்தக் கரையை நோக்கி நீந்துகிறது என்று
அதை வைத்துச் சொல்ல முடியவில்லை.